நிலக்கரியும் நுண்ணுயிரும்

நுண்ணுயிர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது நோயே. காலராவும் காசமும் இச்சிற்றுயிர்களால் விளைவன என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே கற்றுவிட்டோம். ஆயினும் இவ்வினத்துள் நமக்குத் தீங்கு செய்வன சிலவே. ஊழியம் செய்வன மிகப் பல. பாலைத் தயிராக்குவதும், அரைத்த மாவை இரவோடிரவாகப் புளிக்கவைத்து இட்டிலிக்கு மென்மை தருவதும், வயலில் இட்ட தழையை மக்கச் செய்து உரமாக்குவதும் இவையே. பால்கோவாவினாற் பெயர் பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரில், பாலுக்கு உறைமோர் இட்டு வைக்கும் ஒவ்வொரு வீடும் ஒரு சிறு நுண்ணுயிர்ப் பண்ணை எனலாம். இவ்வேலையாட்களின் தொழிற்பட்டியலில் அண்மைக் காலத்திற் புதிதாகச் சேர்ந்த தொழில் ஒன்றுண்டு. அது, நிலக்கரித் தூளினின்று மண்ணையும் கல்லையும் பிரித்தெடுத்தல். அஃது எங்ஙனம் நிகழ்கிறது, அதனால் நம் நாட்டுக்கு ஆகும் பயன் யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ராஜபாளையத்துக்கும் நிலக்கரிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஊருக்கு மேற்கே ஓங்கி நிற்கும் மலைத்தொடரில் எவ்வளவு தோண்டினாலும் நிலக்கரி அகப்படாது. அம்மலை மிகப் பழமையான கடும்பாறையால் ஆயது. நிலக்கரியோ, ஆறுகள் கொணர்ந்த மணலும் வண்டலும் படிந்த பள்ளங்களில், மடிந்த செடிகொடிகள் புதையுண்டு உண்டாவது. ஆனால் சுரங்கம் இல்லாத ஊரும் நிலக்கரிக்குக் கடன்பட்டிருக்கலாம். 1927-ஆம் ஆண்டில் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக இருப்புப்பாதை திறக்கப்பட்ட காலத்தில் அதில் ஓடியது நிலக்கரியை உண்ட நீராவி வண்டியே. 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் நிறுவிய ராஜபாளையம் மில்லும், அதன் பின் தோன்றிய பிற நூற்பாலைகளும் சுழலுவதற்கு வேண்டிய மின்சக்தியில் ஒரு பெரும்பங்கு பிற்காலத்தில் அனல்மின் நிலையங்களிலிருந்து வரலாயிற்று. அவரே 1957-ல் தொடங்கி, இன்று ராம்கோ சிமெண்ட்ஸ் என வழங்கும் கம்பெனியின் தொழிலுக்கும் சூளையும் எரிபொருளும் இன்றியமையாதன. சிமெண்டுச் சூளையில் நிலக்கரியின் சாம்பல் வெளியேறாமல் சுண்ணாம்புக் கலவையோடே கலந்துவிடும். ஆதலின் சாம்பல் கூடினால் கலவையின் கணக்கையே மாற்ற வேண்டும்.

இனி நம் நாட்டு நிலக்கரியின் இயல்பைக் காண்போம். தாமோதர், மகாநதி, கோதாவரி ஆகிய ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் அகப்படும் கரி ஏறக்குறைய 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் உண்டானது. அக்காலத்துச் செடிகொடிகளை வெள்ளம் வாரிக்கொண்டு போய், வண்டலோடும் மணலோடும் சேர்த்துப் படியவிட்டது என்பது நிலநூலார் கருத்து. இதன் விளைவு யாதெனில், மேனாட்டுக் கரி பலவற்றில் கல் தனியே, கரி தனியே எனப் பிரிந்திருப்பது போல நம் கரியில் இல்லை. மாவும் மண்ணும் சேர்த்துப் பிசைந்தாற்போலக் களிமண்ணும் மணற்சத்தும் கரியின் உட்புறமெங்கும் நுண்துகள்களாக விரவிக் கிடக்கின்றன. அனல்மின் நிலையங்களுக்கு வரும் இந்தியக் கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பல் எஞ்சுவது சாதாரணம்.

இது வெறும் எண்ணன்று. அதன் பாரத்தைச் சிறிது எண்ணிப் பாருங்கள். 1979-ல் இயங்கத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்குக் கரி ஒரிஸ்ஸா, வங்காளப் பக்கங்களிலிருந்து ரயிலேறித் துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் கடந்து வருவது. 50,000 டன் கரி ஏற்றிய கப்பலொன்று வருவதாகவும், அக்கரியில் சாம்பல் 34 சதவீதம் என்பதாகவும் கொள்வோம். அப்படியாயின் அக்கப்பல் சுமந்து வருவதில் 17,000 டன் எரியாத கல்லும் மண்ணுமே. வெட்டுவதற்கும், ஏற்றுவதற்கும், இறக்குவதற்கும் கூலி கொடுத்து, கடல் கடத்திக் கொணர்ந்து, உலையிலிட்டுச் சுட்டு, பின்பு அதைக் கொட்டுவதற்கு நிலமும் தேடுகிறோம். அச்சாம்பலில் ஒரு பகுதி சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் பயன்படுகிறது என்பது மெய்யே. எஞ்சியது குளம் போற் கட்டிய பள்ளங்களிற் கிடந்து, கோடையிற் காற்றோடும் மழையில் நீரோடும் அயலார் வீட்டையும் வயலையும் அடைகிறது.

இதனை உணர்ந்தே மத்திய அரசு 1997-ல் ஒரு விதி வகுத்தது. சுரங்கத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அனல்மின் நிலையங்கள் 34 சதவீதத்துக்கு மேற்பட்ட சாம்பலைத் தரும் கரியைப் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். 2014-ல் அத்தூரம் 500 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. ஆனால் 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்விதியே நீக்கப்பட்டது. கரியைக் கழுவுவதால் விலை ஏறுகிறது என்பதும், கழுவிக் கழித்த கழிவுக் கரி முடிவில் வேறு சூளைகளிற் போய் எரிகிறது என்பதும் நீக்கத்துக்குக் கூறப்பட்ட காரணங்களுட் சில. இக்காரணங்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கழுவும் முறை செம்மையாக இருந்து, கரி முழுவதும் ஒருபுறமும் கல் முழுவதும் மறுபுறமும் பிரிந்துவிடுமாயின், கழிவிற் கரி ஏது? அதை எரிப்பார் யார்? ஆகவே பிரிக்கும் கலையின் குறையே விதியின் குறையாக முடிந்தது என்னலாம்.

அக்கலை இதுகாறும் எவ்வாறு நடைபெற்று வருகிறது? களத்துமேட்டில் பொலி தூற்றுவோரைக் கண்டிருப்பீர்கள். கனத்த மணி நேரே விழும். இலேசான பதர் காற்றோடு போகும். அடுக்களையில் அரிசியைக் களைந்து அரிக்கும்போதும் இதுவே. அரிசி மேலே வர, கல் அடியில் தங்கும். இரண்டும் எடை வேறுபாட்டால் பிரிக்கும் முறைகள். நிலக்கரி ஒத்த அளவு நீரைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு எடையுள்ளது, மணற்கல் 2.65 மடங்கு, இரும்பும் கந்தகமும் கூடிய பைரைட் என்னும் பொன்னிறக் கல் ஐந்து மடங்கு. ஆகவே தக்க கனமுள்ள திரவத்தில் இட்டால் கரி மிதக்கும், கல் ஆழும். டாட்டா இரும்புக் கம்பெனியார் 1951-ல் மேற்குப் பொகாரோவில் நிறுவிய கரி கழுவும் ஆலை நம் நாட்டில் இவ்வகையில் முதன்மையானது.

ஆனால் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. கல் கரிக்குள்ளேயே நுண்துகளாக விரவியிருக்கும்போது, கட்டியை எத்தனை முறை கழுவினும் உள்ளிருக்கும் கல் வெளிவராது. வெளிவர வேண்டுமாயின் கரியை மாவு போலப் பொடிக்க வேண்டும். பொடித்தாலோ எடை வேறுபாடு பயனற்றதாகிறது. அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த துகளில் இத்தொல்லை தலைகாட்டும். அதனினும் மிக நுண்ணிய துகள்கள் கரியானாலும் களிமண்ணானாலும் நீரிற் கலங்கி மணிக்கணக்கில் மிதந்துகொண்டேயிருக்கும். மழைக்குப் பின் கண்மாயில் வந்து சேரும் செம்புனலைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். பெரிதாக வைத்தால் கல் பிரியாது; சிறிதாக்கினால் பிரிந்த கல்லை அகற்ற இயலாது. இவ்விரண்டுக்கும் இடையே சிக்கியதே நம் நிலக்கரியின் சங்கடம்.

எடையால் ஆகாததைத் தோலால் முடிக்கலாம் என்று விஞ்ஞானிகள் கண்டனர். தோல் என்று யாம் ஈண்டுக் குறிப்பது துகளின் மேற்பரப்பை. இதனை விளக்க ராஜபாளையத்துக்கு அருகிலுள்ள சத்திரப்பட்டியைக் காட்டிலும் தக்க இடம் வேறில்லை. ஆஸ்பத்திரிகளிற் காயம் கட்டும் துணி அங்கே பெருவாரியாக நெய்யப்படுகிறது. செடியிலிருந்து பறித்த பஞ்சை நீரில் இட்டால் எளிதில் நனையாது; மிதக்கும். அதன் இழைமேல் இயற்கையாகப் படிந்துள்ள மெழுகே இதற்குக் காரணம். அதையே காரம் சேர்த்துக் கொதிக்கவைத்து வெளுத்தால் மெழுகு நீங்கி, சில விநாடிகளில் நீரைக் குடித்து அமிழ்ந்துவிடும். இழை அதே இழைதான். எடையிலும் பெரும் மாறுதல் இல்லை. மாறியது மேற்பரப்பு மட்டுமே. நீரை வெறுத்தது நீரை விரும்புவதாயிற்று.

நிலக்கரி இயற்கையில் நீரை வெறுப்பது. களிமண்ணும் மணற்சத்தும் நீரை விரும்புவன. இவ்வேறுபாட்டைக் கொண்டு பிரிக்கும் முறை நுரைமிதப்பு எனப்படும். இது மோர் கடைவதை ஒத்தது. மத்தைச் சுழற்றும்போது காற்றுக் குமிழ்கள் மோரினுள் புகுகின்றன. நீரோடு ஒட்டாத நெய்த்துளிகள் குமிழையும் ஒன்றையொன்றும் பற்றித் திரண்டு வெண்ணெயாக மேலே வருகின்றன. அவ்வாறே கரித்தூள் கலந்த நீரிற் சிறிது எண்ணெயும் நுரை தரும் மருந்தும் இட்டுக் காற்றைச் செலுத்தினால், நீரை வெறுக்கும் கரித்துகள் குமிழைப் பற்றிக்கொண்டு நுரையோடு மேலெழும். நீரை விரும்பும் மண் அடியில் நின்றுவிடும். உருக்கு ஆலைகளுக்கு வேண்டிய கல்கரியாகும் இனத்துக் கரியின் தூளைச் சேதமின்றிக் காப்பதற்கு இம்முறை பெரிதும் பயன்படுகிறது.

எனினும் இங்கும் இரு இடையூறுகள் உள. ஒன்று, பைரைட்டும் பெரும்பாலும் கரியைப் போலவே குமிழைப் பற்றி மேலே வந்துவிடுகிறது. அது எரியும்போது கந்தகப் புகை உண்டாகி, மழையைப் புளிப்பாக்குகிறது. மற்றொன்று, மிக நுண்ணிய களிமண் கரித்துகளின் மேற் பூச்சாகப் படிந்து அதன் இயல்பையே மறைத்துவிடுகிறது. அன்றியும் நுரைக்கு நடுவேயுள்ள நீரோடு சேர்ந்து அழையா விருந்தாக மேலே வருகிறது. ஆகவே வேண்டுவது யாதெனில், ஒவ்வொரு பொருளின் தோலையும் அடையாளம் கண்டு, இன்னது மிதக்கட்டும், இன்னது ஆழட்டும் என்று தீர்ப்புச் செய்யவல்ல ஒரு கருவி. அக்கருவியாக நுண்ணுயிர் வந்து வாய்த்தது.

அக்கதை 1947-ல் தொடங்குகிறது. நம் தேசம் விடுதலை பெற்ற அவ்வாண்டில், அமெரிக்காவில் மேற்கு விர்ஜீனியாப் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வழியும் கடும்புளிப்பான நீரைக் கால்மர், ஹிங்கில் என்னும் இரு ஆராய்ச்சியாளர் சோதித்தனர். பைரைட் காற்றும் நீரும் பட்டு அழிவதால் அந்நீர் கந்தகத் திராவகமாகிறது என்பது முன்னரே தெரியும். ஆனால் அவ்வழிவை விரைவுபடுத்துவது ஒரு நுண்ணுயிர் என்பதை அவர்கள் காட்டினர். 1951-ல் அதற்குத் தயோபாசில்லஸ் ஃபெரோஆக்ஸிடன்ஸ் என்று பெயரிடப்பட்டது. இன்று அதனை அசிடிதயோபாசில்லஸ் என்னும் இனத்திற் சேர்த்து வழங்குகின்றனர். சோறும் சர்க்கரையும் இதற்கு வேண்டுவதில்லை. இரும்பையும் கந்தகத்தையும் பிராணவாயுவோடு சேர்ப்பதில் எழும் சக்தியே இதன் உணவு. காற்றிலுள்ள கரியமில வாயுவினின்றே தன் உடலைக் கட்டிக்கொள்கிறது. பிற உயிர்கள் மாயும் திராவகத்தில் இது தழைக்கிறது.

அப்படியாயின் பைரைட்டை இதற்கு இரையாக விட்டுவிடலாமே என்று எண்ணுவது இயல்பு. பலரும் அங்ஙனமே முயன்றனர். பைரைட் கரைந்தது உண்மை. ஆனால் அதற்கு நாட்களும் வாரங்களும் ஆயின. நாள்தோறும் ஆயிரக்கணக்கான டன் கரியைக் கையாளும் ஆலை அவ்வளவு பொறுத்திருக்க இயலுமா? அப்பொழுது ஒரு நுட்பம் புலப்பட்டது. இவ்வுயிர் பைரைட்டை உண்டு முடிக்க நெடுங்காலம் வேண்டும். ஆனால் தன் உணவு இது என்று தேடிப்போய் அதனை ஒட்டிக்கொள்வதற்குச் சில நிமிஷங்களே போதும். ஒட்டிய மாத்திரத்தில் பைரைட்டின் மேற்பரப்பு நுண்ணுயிரால் மூடப்பட்டு நீரை விரும்புவதாகிவிடும். குமிழ் அதனைப் பற்றாது. பிரிட்டனில் டவுன்ஸ்லியும் அவர் துணைவரும் 1987-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, நுரைமிதப்புக்கு முன் இந்நுண்ணுயிரைச் சிறிது நேரம் கலந்தால் பைரைட் மேலே வருவது அடங்குகிறது என்று காட்டியது. உண்ணுவதால் அன்று, தொடுவதாலேயே காரியம் முடிகிறது! வாரங்கள் நிமிஷங்களாகச் சுருங்கியதே இத்துறையின் பெருந்திருப்பம்.

இதனை அப்படியே நம் நாட்டுக்குக் கொணரலாமா? இவ்விடத்திற் சிறிது நிதானம் வேண்டும். வைத்தியன் நோயை அறிந்தன்றோ மருந்து தேடுவான்? மேனாட்டுக் கரி பலவற்றின் நோய் கந்தகம். நம் கரியின் நோய் களிமண். தாமோதர், மகாநதிக் கரியிற் கந்தகம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே. அஸ்ஸாம் கரியிற் கந்தகம் மிகுதியாக உண்டு. ஆனால் அங்கும் அதில் ஒரு பெரும்பகுதி பைரைட்டாக இல்லாமல், கரியின் அணுக்களோடே பிணைந்து கிடக்கிறது. தோலில் இல்லாத அழுக்கைத் தோலைத் தொட்டு நீக்க முடியாது. ஆகவே பைரைட்டைத் தேடும் உயிர் நமக்குச் சிறிதே உதவும். களிமண்ணுக்கும் கரிக்கும் இடையே வேற்றுமை காணும் வேறு உயிர்களை நாமே தேட வேண்டியதாயிற்று.

அத்தேட்டம் பெங்களூரில், 1909-ல் நிறுவப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நிகழ்ந்தது. அங்கே பேராசிரியர் கே. ஏ. நடராஜன் அவர்களும் அவருடன் உழைத்தோரும் 1990-களிலிருந்து பேனிபாசில்லஸ் பாலிமிக்ஸா என்னும் மண்வாழ் நுண்ணுயிரைக் கொண்டு தாதுக்களைப் பிரிக்கும் வழிகளை ஆராய்ந்தனர். இது பயிர்களின் வேரை அண்டி வாழ்வது, நோய் செய்வதன்று. வளரும்போது இருவகைப் பொருள்களைச் சுரக்கிறது. ஒன்று பாலிஸாக்கரைடு என்னும் கொழகொழப்பான பசை, மற்றொன்று புரதம். இரும்புத் தாதுவின்மேற் பசை படிந்து அதனை நீரை விரும்புவதாக்குகிறது. மணற்சத்தின்மேலும் களிமண்ணின்மேலும் புரதம் படிந்து அவற்றை நீரை வெறுப்பனவாக்குகிறது. ஆகவே முன்பு ஒன்றாய்க் கலந்து கிடந்தவை எளிதில் இருவேறாகின்றன.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. அந்நுண்ணுயிரை மணற்சத்தின் முன்னிலையில் வளர்த்தால் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. இரும்புத் தாதுவின் முன்னிலையில் வளர்த்தால் பசையை மிகுதியாகச் சுரக்கிறது. எந்தச் சூழலில் வளர்த்தோமோ அதற்கேற்ற தொழிலை அது கற்றுக்கொள்கிறது என்று சொல்லத் தோன்றும். உயிரையே இடாமல், அது சுரந்த பசையையும் புரதத்தையும் மட்டும் பிரித்து இட்டாலும் வேலை நடைபெறுவதைக் கண்டனர்.

நிலக்கரி விஷயத்தில் இப்பாடத்தை அப்படியே பின்பற்றலாகாது என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும். இரும்புத் தாதுவில் களிமண்ணை மிதக்கவிட்டால் நன்மை. நிலக்கரியிலோ, கரி தானே மிதப்பது. களிமண்ணும் நீரை வெறுத்து மிதக்கத் தொடங்கினால் இரண்டும் ஒன்றாகி உள்ளதும் கெடும். ஆகவே கரிக்கு வேறொரு வழி ஆராயப்பட்டது. அது மிதக்கச் செய்தலன்று, திரளச் செய்தல்.

தேற்றாங்கொட்டையை அறியாத தமிழர் பண்டு இல்லை. கலங்கிய நீர் நிறைக்கும் பானையின் உட்புறத்தில் அக்கொட்டையைத் தேய்த்துவிட்டால், சிறிது நேரத்தில் கலங்கல் திரண்டு அடியிற் படிந்து நீர் தெளியும். அதிலுள்ள பசைப்பொருள் கண்ணுக்குத் தெரியாத மண்துகள்களைக் கைகோத்து இணைத்துப் பெருந்திரளாக்குகிறது. பெருத்தது கனத்தால் தாழ்கிறது. நுண்ணுயிரும் இங்ஙனமே செய்யவல்லது. அமெரிக்காவில் நெவாடாப் பல்கலைக்கழகத்தில் ஸ்மித், மிஸ்ரா, ராய்ச்சூர் ஆகியோர் 1990-களில் மைக்கோபாக்டீரியம் ஃபிளை என்னும் உயிரைக் கொண்டு கரித்தூளைத் திரட்டிக் காட்டினர். காசநோய்க் கிருமியின் இனத்திற் பிறந்ததேனும் அந்நோயை இது செய்வதில்லை. இதன் உடற்சுவர் கொழுப்பு நிறைந்தது. ஆதலின் நீரை வெறுப்பது. நீரை வெறுக்கும் கரியை நீரை வெறுக்கும் இவ்வுயிர் நாடிச் சென்று ஒட்டுகிறது. நீரை விரும்பும் களிமண்ணை அவ்வளவாக நாடுவதில்லை. இனம் இனத்தோடு சேரும் என்பது இங்கும் மெய்யாகிறது.

அம்மூவருள் ஒருவரான அசோக் ராய்ச்சூர் அவர்கள் பின்பு பெங்களூர்க் கழகத்திற் பணியேற்று, அதே கருத்தை நம் நாட்டுக் கரியில் சோதிக்கலானார். சாம்பல் மிகுந்த இந்தியக் கரித்தூளைப் பேனிபாசில்லஸ் பாலிமிக்ஸாவைக் கொண்டு திரட்டிய ஆராய்ச்சி 2002-லும், வைக்கோலிலும் மண்ணிலும் சாதாரணமாக வாழும் பாசில்லஸ் சப்டிலிஸைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 2003-லும் வெளிவந்தன. நீரின் புளிப்பும் காரமும் எந்த அளவில் நிற்கின்றனவோ அதனைப் பொறுத்து உயிர் ஒட்டுவதும் தூள் திரள்வதும் மாறுபட்டன. ஆகவே அப்புளிப்பின் அளவைக் கூட்டியும் குறைத்தும் வேலையை ஆளலாம் என்பது தெளிவாயிற்று.

இதன் பயன் இருவகைத்து. கரி மட்டும் திரளுமாறு செய்ய முடிந்தால், மண் நீரிற் கலங்கி நிற்கும்போதே கரியைத் தனியே எடுத்துவிடலாம். யாவும் ஒருங்கே திரண்டாலும் முற்றும் வீணாகாது. கழுவிய நீராவது விரைவில் தெளிந்து மீண்டும் கழுவுதற்கு உதவும். கழுவும் ஆலைகளின் கருநீர் ஆற்றிற் கலவாமல் தடுப்பதற்கும், அந்நீரோடு போகும் நல்ல கரித்தூளை மீட்பதற்கும் இது வழி. உருக்குக்கு வேண்டிய உயர்ந்த கரியைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கும் தேசம், உள்ள தூளை நீரோடு விடுவது தகுமா?

இத்துணை நலம் இருந்தும் ஆலைகள் இதனைக் கைக்கொள்ளாதது ஏன் என்ற வினா எஞ்சுகிறது. விடை நேர்மையாகக் கூறப்பட வேண்டும். மேலே சொன்ன வேலைகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடக் குடுவைகளில் நிகழ்ந்தவை. குடுவையிற் சில கிராம் கரிக்குப் போதுமான நுண்ணுயிரை வளர்ப்பது எளிது. ஆலையின் ஆயிரம் டன்னுக்கு வளர்ப்பதாயின், அதற்குத் தொட்டியும், உணவும், அவ்வுணவுக்கு விலையும் வேண்டும். டீசல் எண்ணெயும் செயற்கை மருந்துகளும் பீப்பாயில் வந்து இறங்குவன. உயிரோ ஒவ்வொரு நாளும் ஓம்பப்பட வேண்டுவது. வெயிலும் குளிரும், ஆலை நீரின் உப்பும், வேறு நுண்ணுயிர்களின் கலப்பும் அதன் குணத்தை மாற்றும். நேற்று உறைந்த தயிர்போல் இன்று உறையாதது வீட்டில் சிறு குறை, ஆலையிலோ பெருநஷ்டம்.

ஆயினும் இவ்வகை இடையூறுகள் வெல்ல முடியாதன அல்ல என்பதற்குச் சான்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஃபேர்வியூ என்னும் பொற்சுரங்கத்தில் 1986 முதல் நுண்ணுயிர்களைப் பெருந்தொட்டிகளில் வளர்த்து, பொன்னை மூடிக்கொண்டிருக்கும் கந்தகக் கற்களை அழித்துப் பொன்னை விடுவித்தனர். அம்முறை பின்பு வேறு தேசங்களிலும் பரவியது. செம்புத் தாதுவிலும் நுண்ணுயிர்கள் நெடுங்காலமாக ஆலை அளவில் உழைக்கின்றன. பொன்னுக்கும் செம்புக்கும் உள்ள விலை கரிக்கு இல்லை என்பதே வேறுபாடு. ஆகவே மலிவான உணவில் வளரும் உயிரையும், உயிரின்றியே வேலை செய்யும் அதன் பசையையும் தேடுவதே கரி ஆராய்ச்சியின் முன் நிற்கும் பணி. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகும், பால் திரித்தபின் எஞ்சும் நீரும் இத்தகைய உயிர்களுக்கு உணவாகக்கூடிய மலிவான பொருள்கள்.

இம்முறை கைகூடினும் யாவும் தீர்ந்துவிடும் என்று மயங்கலாகாது. தூய கரியும் எரிந்தால் கரியமில வாயுவே ஆகும். உலகின் வெப்பம் ஏறுவதற்கு அது காரணமாவதை நுண்ணுயிர் தடுக்காது. காற்றும் வெயிலும் நமக்கு மின்சக்தி தரத் தொடங்கிவிட்டன. அவை மேலும் பெருக வேண்டும். ஆனால் கரியை எரிக்கும் காலம் வரையிலேனும் கல்லைக் கடல் கடத்திச் சுமவாமலும், அதன் சாம்பலை ஏழைகளின் குடிசைமேற் கொட்டாமலும் இருப்பது நம் கடமையன்றோ?

நம் கல்லூரி மாணவர்க்கு இதிற் கற்கத்தக்க பாடம் ஒன்று உளது. ரசாயனம் ஒரு வகுப்பிலும், உயிர்நூல் மற்றொன்றிலும், பௌதிகம் வேறொன்றிலும் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் ஒரு கரித்துகளின் மேற்பரப்பில் இம்மூன்றும் ஒருங்கே கூடுகின்றன. அங்கே பொருள் எதனால் ஆயது என்பதைவிட, அதன் புறத்தோல் எதனோடு உறவு கொள்கிறது என்பதே அதன் கதியை முடிவு செய்கிறது. இவ்வுண்மையைச் சோதிக்கப் பெரிய கருவிகள் வேண்டா. இரு கண்ணாடிக் குவளைகள், சிறிது கரித்தூள், சிறிது களிமண், ஒரு தேற்றாங்கொட்டை, கொஞ்சம் புளித்த மோரின் தெளிநீர் ஆகிய இவற்றைக் கொண்டே எது திரளும், எது கலங்கும், எது மிதக்கும் என்று விடுமுறை நாளொன்றிற் பார்த்தறியலாம். பருத்தியின் தோலை மாற்றி உலகத்துக்குக் காயத்துணி அளிக்கும் நம் பக்கத்து மக்கட்கு, கரியின் தோலை மாற்றும் கலை அன்னியமாகாது. அதனை ஆலைக்கு ஏற்றவாறு முடித்துக் காட்டும் பெருமை இன்னும் யாருக்கும் முழுதும் வாய்க்கவில்லை. முயல்வோர்க்கு இடம் காத்திருக்கிறது.